கேர் பட்டியல் போன பிறகு: கல்வியியல் இதழுக்குக் கட்டுரை அனுப்புவோருக்கான விதிகளும் நடைமுறையும்

கல்வியியல் கல்லூரி ஆசிரியர்களும் முனைவர் பட்ட ஆய்வாளர்களும் கட்டுரை அனுப்பும் முன் இன்னும் கேட்கிற முதல் கேள்வி, "இது கேர் லிஸ்ட்ல இருக்கா?" என்பதுதான். 2018 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2019 முதல் நடப்பில் இருந்த அந்தப் பட்டியலை, அதாவது ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் பட்டியலை, நிறுத்திவிட்டதாகப் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2025 பிப்ரவரி 11 அன்று அறிவித்தது. அதற்குப் பதிலாக, இதழின் தரத்தைப் பார்க்கச் சில அளவுகோல்களைப் பரிந்துரையாக மட்டும் கொடுத்து, எந்த இதழை ஏற்பது என்பதை அந்தந்த நிறுவனமே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது.

முன்பெல்லாம் பட்டியலில் இதழின் பெயர் வரும் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் சேர்த்தால் வேலை முடிந்தது. இப்போது, இந்த இதழ் உண்மையாகவே பியர் ரிவ்யூ (துறை அறிஞர்களான ரிவ்யூவர்கள் கட்டுரையை மதிப்பிடுவது) செய்யும் இதழ் என்று காட்டவேண்டிய பொறுப்பு எழுதியவர் தலையில். கல்லூரிக்குக் கல்லூரி அளவுகோலும் மாறும். ஆகவே உங்கள் கல்லூரி அல்லது பல்கலைக்கழகம் எந்த இதழ்களை ஏற்கிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு கட்டுரையை அனுப்புங்கள். வாய்வார்த்தை நேர்காணல் நாளில் நிற்காது. பட்டியல் இருந்த காலத்தில் வெளியான கட்டுரைகளுக்கு, அப்போது இதழ் பட்டியலில் இருந்ததற்கான பக்கத்தைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

கட்டுரை யாருக்குக் கட்டாயம்?

முனைவர் பட்டத்துக்கான 2016 விதிகள், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும், இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்றன. 2022 நவம்பரில் வந்த புதிய விதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. "யூஜிசி எடுத்துவிட்டது, இனி தேவையில்லை" என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். பல்கலைக்கழகம் தன் சொந்த விதியில் கட்டுரை கேட்கலாம். நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்குரிய விதிப்புத்தகம்தான் உங்களுக்குப் பொருந்தும்.

பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு. ஆசிரியர் நியமனம் குறித்த யூஜிசியின் 2018 ஒழுங்குமுறைப்படி கல்வியியல், மொழி, சமூக அறிவியல் துறைகளில் ஒரு கட்டுரைக்கு 10. அறிவியல், பொறியியல் துறைகளில் 8. நேரடி நியமனத்தில் இணைப் பேராசிரியருக்குக் குறைந்தது 7 வெளியீடுகளும் 75 ஆய்வு மதிப்பெண்ணும், பேராசிரியருக்குப் பொதுவாக 10 வெளியீடுகளும் 120 மதிப்பெண்ணும் தேவை. இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு, அதாவது 7. மூவரோ அதற்கு மேலோ என்றால் முதல் ஆசிரியருக்கு அல்லது இதழோடு தொடர்பு வைக்கும் ஆசிரியருக்கு 70 விழுக்காடு, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. கைடுக்கும் மாணவருக்கும் மனக்கசப்பு பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது. பெயர் வரிசையைக் கட்டுரை எழுதத் தொடங்கும்போதே பேசி, ஒரு மின்னஞ்சலில் பதிந்துவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. மொத்த மதிப்பெண் ஆறு வகைகளில் குறைந்தது மூன்றிலிருந்து வரவேண்டும் என்றும் ஒரு நிபந்தனை உண்டு. கட்டுரைகளை மட்டும் அடுக்கினால் கணக்கு நேராகாது.

இதழைத் தேர்ந்தெடுப்பது

ஐஎஸ்எஸ்என் எண் இருப்பது தரச்சான்று அல்ல. எட்டு இலக்கம் கொண்ட அந்த எண் தொடர் வெளியீட்டை அடையாளம் காட்டும், அவ்வளவுதான். அந்த எண்ணை ஐஎஸ்எஸ்என் இணையதளத்தில் இட்டு, வரும் பெயரும் இதழின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். போலிகள் பழைய, அச்சில் மட்டும் வரும் இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்துப் புது இணையதளம் தொடங்கிவிடுகின்றன. கேர் பட்டியல் காலத்தில் பணம் கட்டி ஏமாந்தவர்களில் பலர் இந்த நகல் தளங்களில் மாட்டியவர்கள்.

இம்பாக்ட் ஃபேக்டர் (இதழின் கட்டுரைகள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கு) என்ற பெயரில் முகப்பிலேயே ஓர் எண்ணைப் பளிச்சென்று போட்டிருந்தால் அதைக் கொடுத்தது யார் என்று பாருங்கள். 2018 ஒழுங்குமுறை சொல்வது தாம்சன் ராய்ட்டர்ஸ் கணக்கை. அந்தப் பிரிவு 2016-இல் கைமாறி இப்போது கிளாரிவேட் என்ற பெயரில் நடக்கிறது. வேறு பெயர்களில் வரும் எண்ணுக்கு இந்த விதியில் இடமில்லை.

மூன்று நாளில் ஏற்பு, வாட்ஸ்அப்பில் கட்டுரை வாங்குவது, கல்வியியலும் இயந்திரவியலும் ஒரே இதழில், ரிவ்யூவர் குறிப்பே இல்லாமல் பணம் கட்டச் சொல்லும் கடிதம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலே விலகிவிடலாம். கட்டணம் வாங்கும் இதழெல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. திறந்த அணுக்க (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) இதழ்களில் நல்லவையும் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் கல்வியியலில் கட்டணமில்லாத நல்ல இடங்கள் இருக்கின்றன. என்சிஇஆர்டி வெளியிடும் இந்தியன் எஜுகேஷனல் ரிவ்யூ ஆய்வுக் கட்டுரைகளுக்கும், ஜர்னல் ஆஃப் இந்தியன் எஜுகேஷன் சற்று விரிந்த வாசகர்களுக்கும் ஏற்றவை. எந்த இதழானாலும் கடைசி இரண்டு ஆண்டு இதழ்களைப் புரட்டி, உங்கள் தலைப்பை ஒட்டி இரண்டு மூன்று கட்டுரைகளாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே அனுப்புங்கள். படிப்பதற்கு வழியில்லை என்ற குறை அரசு நிறுவனங்களுக்கு ஓரளவு தீர்ந்திருக்கிறது: 2025-இல் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. சுயநிதிக் கல்வியியல் கல்லூரிகளுக்கு அது இல்லை; அங்கிருப்பவர்களுக்குப் பல்கலைக்கழக நூலகம்தான் வழி.

கைப்பிரதி

ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தை வெட்டி அனுப்புவதுதான் நாம் அதிகம் காணும் தவறு. ஆய்வேட்டில் 40 பக்கம் ஓடும் முன்னாய்வுத் தொகுப்பு கட்டுரையில் மூன்று பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. "குமார் இதைக் கண்டறிந்தார், செல்வி அதைக் கண்டறிந்தார்" என்று ஆளுக்கொரு பத்தி எழுதாமல், இதுவரை தெரிந்தது என்ன, எந்த இடம் காலியாக இருக்கிறது, இந்த ஆய்வு அங்கே எப்படிப் பொருந்துகிறது என்று எழுதவேண்டும்.

அடுத்த தவறு அட்டவணைகளில். ஆசிரியர்களின் மனப்பான்மை ஆய்வுகளில் பாலினம், ஊரகம்-நகரம், பள்ளி வகை, பணி அனுபவம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டி-டெஸ்ட் (இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சோதனை) போட்டு, பத்துப் பன்னிரண்டு அட்டவணைகளை நிரப்புகிறார்கள். எடுத்துக்காட்டாக, 148 ஆண் ஆசிரியர்களின் சராசரி 72.4, 152 பெண் ஆசிரியர்களின் சராசரி 73.1, இரண்டு குழுவிலும் திட்டவிலக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம். டி மதிப்பு 0.61, வேறுபாடு குறிப்பிடத்தக்கதல்ல. "கருதுகோள் ஏற்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதி அடுத்த அட்டவணைக்குத் தாவினால் ரிவ்யூவருக்கு அதில் படிக்க ஒன்றுமில்லை. பாலின வேறுபாடு ஏன் எதிர்பார்க்கப்பட்டது, வரவில்லை என்றால் அதற்கு என்ன பொருள், விளைவளவு, அதாவது வேறுபாட்டின் பருமன், எவ்வளவு (இங்கே வெறும் 0.07) என்று சொல்லவேண்டும். காரணம் சொல்ல முடியாத ஒப்பீட்டைக் கட்டுரைக்குள் கொண்டுவரவே வேண்டாம். பன்னிரண்டு சோதனை போட்டால் ஒன்று தற்செயலாகவே குறிப்பிடத்தக்கதாக வந்துவிடவும் கூடும்.

கல்வியியல் இதழ்கள் பெரும்பாலும் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) நடையின் ஏழாம் பதிப்பைக் கேட்கின்றன. அதில் அட்டவணைக்குச் செங்குத்துக் கோடு கிடையாது. எண்ணும் தலைப்பும் மேலே வரும். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் பி மதிப்பாகக் காட்டும் .000 என்பதை அப்படியே எழுதக்கூடாது; .001-ஐ விடக் குறைவு என்று குறிக்கவேண்டும். மூன்று பேருக்கு மேல் எழுதிய நூலானாலும் மூவரே எழுதியதானாலும், உரைக்குள் முதல் முறையிலிருந்தே முதல் பெயரும் "மற்றும் பிறர்" என்பதும் போதும். அட்டவணையைப் படமாக ஒட்டாதீர்கள். தமிழ்க் கட்டுரை என்றால் யுனிகோடு எழுத்துருவில் கொடுங்கள்; பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது மறுமுனையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும்.

பள்ளிப் பிள்ளைகளிடம் தரவு திரட்டியிருந்தால் தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் ஆகியவற்றைப் பெற்ற விவரம் முறையியல் பகுதியில் ஒரு வரியாவது இருக்கவேண்டும். வினாப்படிவத்தை மொழிபெயர்த்துப் பயன்படுத்தினால் யார் பெயர்த்தார்கள், மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்துச் சரிபார்த்தீர்களா என்பதையும் எழுதுங்கள்.

ஒப்புமை விழுக்காடு

2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறை, பிறர் எழுத்தோடு கட்டுரை ஒத்துப்போகும் விழுக்காட்டுக்கு நான்கு படிகள் வைத்திருக்கிறது. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை கைப்பிரதியைத் திரும்பப் பெறவேண்டும். 40-க்கு மேல் 60 வரை அதோடு ஓர் ஊதிய உயர்வு போகும், இரண்டு ஆண்டு புதிய மாணவர்களை வழிநடத்த முடியாது. 60-ஐத் தாண்டினால் அடுத்தடுத்த இரண்டு ஊதிய உயர்வு, மூன்று ஆண்டுத் தடை. மேற்கோள் குறியிட்டு மூலம் சொன்ன பகுதி, நூற்பட்டியல், நன்றியுரை, சட்டம், நிலையான சமன்பாடு, தற்செயலாக ஒத்துப்போகும் 14 சொற்கள் வரையிலான தொடர் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. சோதனை போடும் நூலகரிடம் இந்த விலக்குகளை அமைப்பில் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். போடாததால் 8 வரவேண்டியது 25 என்று வந்து பீதியாவது வழக்கம். மாறாக, 9 விழுக்காடுதான் என்றாலும் அது முழுக்க ஒரே நூலிலிருந்து வந்த ஒரே பத்தி என்றால் எந்த இதழாசிரியரும் விடமாட்டார்.

சொந்தக் கட்டுரையையே மறுபடி எடுத்துப் போடுவதும் ஏற்கத்தக்கதல்ல என்று யூஜிசி 2020-இல் தனி அறிவிப்பு வெளியிட்டது. ஒரே தரவை மூன்றாகக் கூறுபோட்டு மூன்று இதழில் வெளியிடுவதும் இதில் அடங்கும்.

அனுப்புவதும் அதன் பின்னும்

பெரும்பாலான இதழ்கள் பெயர் மறைத்து மதிப்பிடுகின்றன. பெயர், நிறுவனம், மின்னஞ்சல், ஆர்கிட் எண் (ஆய்வாளரை அடையாளம் காட்டும் எண்), நன்றியுரை எல்லாம் தனி முகப்புத்தாளில். மூலக்கோப்பில் "எனது முந்தைய ஆய்வில்" என்று எழுதினால் மறைத்ததில் பயனில்லை. வேர்ட் கோப்பின் பண்புகளில் ஒட்டியிருக்கும் பெயரையும் நீக்கவேண்டும். பலர் மறப்பது இதைத்தான். ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டுமே அனுப்பலாம். பதில் வரவில்லை என்று வேறிடம் அனுப்புவதற்கு முன், திரும்பப் பெறுவதாக எழுதி, ஒப்புகை வந்த பிறகே அனுப்புங்கள்.

திருத்தம் கேட்டு வந்தால் அது நல்ல செய்தி. ரிவ்யூவரின் ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே ஒட்டி, கீழே என்ன செய்தீர்கள், எந்தப் பக்கம் எந்த வரி என்று எழுதுங்கள். ஒப்புக்கொள்ள முடியாத குறிப்பை மறுக்கலாம், காரணத்தோடு. "திருத்தப்பட்டது" என்று மட்டும் எழுதினால் அவர் மறுபடியும் முழுதும் தேடவேண்டும்; அதற்கு அவருக்குப் பொறுமை இருக்காது.

அனுப்பிய நாளின் ஒப்புகை, ரிவ்யூவர் குறிப்புகள், உங்கள் பதில், ஏற்புக் கடிதம், இதழின் ஆசிரியர் குழுப் பக்கத்தின் படம் என எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள். பியர் ரிவ்யூ நடந்ததற்கு இப்போது இவைதான் ஆவணம். கடைசியாக வரும் ப்ரூஃபை, அதாவது அச்சுக்கு முந்தைய சரிபார்ப்புப் பிரதியை, திருப்பி அனுப்ப ஓரிரு நாள்தான் கொடுப்பார்கள். முதலில் உங்கள் பெயரின் எழுத்துகளையும் கல்லூரியின் பெயரையும் பாருங்கள். பணிப்பதிவேட்டில் இருக்கும் இனிஷியல் ஒன்றாகவும் கட்டுரையில் வேறாகவும் இருந்தால், அது நீங்கள்தான் என்று பிரமாணப் பத்திரம் கேட்கும் குழுக்களும் உண்டு.