பெண்களுக்கும் நெஞ்சுதான் வலிக்கும்

போன வாரம் இன்னொருவர். ஐம்பதைத் தாண்டிய பெண், பல வருடமாகச் சர்க்கரை நோய். முந்தின இரவிலிருந்து நடுநெஞ்சில் இறுக்கம், வியர்வை, குமட்டல். பாடப் புத்தகத்தில் அச்சடித்து வைத்த மாரடைப்பு. ஆனால் கேசுவாலிட்டிக்கு வந்து சேர்ந்தது மறுநாள் மாலை. அதற்குள் இதயத்தின் முன்பக்கத் தசையில் பெரும்பகுதி செத்துவிட்டது. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டதற்கு மகள் கைப்பேசியை நீட்டினார். "பெண்களுக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சு வலிக்காது. தாடையும் முதுகும்தான் வலிக்கும். பகிருங்கள், ஓர் உயிரைக் காப்பாற்றுங்கள்." அம்மாவுக்கு வலித்தது நெஞ்சு. ஆகவே இது மாரடைப்பு இல்லை என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைமேல் கோபப்பட முடியாது. பாவம், அக்கறையில் படித்ததுதான். அதனால் கோபத்தை இங்கே இறக்கி வைக்கிறேன்.

முன்பெல்லாம் மருத்துவர்களான எங்களுக்கு ஒரே தலைவலிதான் இருந்தது: "பெண்களுக்கு மாரடைப்பே வராது" என்கிற நம்பிக்கை. அதை உடைக்கக் கிளம்பிய விழிப்புணர்வுச் செய்திகள் கைமாறிக் கைமாறி இப்போது இரண்டாவது தலைவலியைக் கொண்டுவந்திருக்கின்றன: "வரும், ஆனால் நெஞ்சு வலிக்காது." முதலாவதைவிட இது மோசம். விவரம் தெரிந்தவர்களே இதை நம்புகிறார்கள்.

ஆகவே நிறுத்தி, நிதானமாகச் சொல்கிறேன். மாரடைப்பு வந்த பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு நெஞ்சில்தான் தொந்தரவு. 55 வயதும் அதற்குக் குறைவுமான மாரடைப்பு நோயாளிகளை மட்டும் எடுத்து அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் நடத்திய விர்கோ ஆய்வில், பெண்களிலும் சரி ஆண்களிலும் சரி, பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் தங்களுக்கு நெஞ்சு வலியோ அழுத்தமோ இறுக்கமோ இருந்ததாகச் சொன்னார்கள். பிறகு தாடை, முதுகு, குமட்டல் எல்லாம் எங்கிருந்து வந்தது? பெண்களுக்கு நெஞ்சு வலியோடு சேர்ந்து இவையும் கூடுதலாக வருகின்றன. மூச்சு வாங்கும், தோள்பட்டைகளுக்கு நடுவே வலிக்கும், வாந்தி வரும், காரணமே இல்லாமல் உடம்பு அசந்துபோகும். நெஞ்சு வலிக்குப் பதிலாக அல்ல, நெஞ்சு வலிக்கு மேல். அந்தச் செய்தியை எழுதிய புண்ணியவான் இந்த ஒரு வேறுபாட்டைத்தான் விட்டுவிட்டார். நெஞ்சில் எதுவுமே இல்லாமல் வரும் மாரடைப்பும் உண்டு. சர்க்கரை நோயாளிகளிடமும் முதியவர்களிடமும் அதிகம் பார்க்கிறோம், ஆண்கள் உட்பட. அதை வைத்துக்கொண்டு, நெஞ்சு வலித்தால் மாரடைப்பு இல்லை என்று தலைகீழாக்கினால் எப்படி?

அந்த ஆய்வு எங்கள் ஆட்களுக்கும் ஒரு குட்டு வைக்கிறது. மாரடைப்புக்கு முன்பே தொந்தரவு என்று மருத்துவரிடம் போனவர்களில், "இது இதயம் சம்பந்தப்பட்டதாகத் தெரியவில்லை" என்று கேட்டுத் திரும்பிய பெண்கள் 53 சதவீதம். ஆண்கள் 37 சதவீதம். பத்து அறிகுறிகளை அடுக்கும் பெண்ணைப் பார்த்ததும் பதற்றம், வயிற்று வாயு (கேஸ்) என்று எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இதைப் படிக்கும் இளம் மருத்துவர்களே, அவர் சொல்லும் பத்தில் பெரும்பாலும் நெஞ்சும் இருக்கும். மீதியையும் கேட்டுவிட்டு நெஞ்சை மறந்துவிடாதீர்கள்.

பழைய நம்பிக்கையில் ஒரு துளி உண்மை உண்டு, அதனால்தான் அது சாகவே மாட்டேன் என்கிறது. பெண்களுக்கு மாரடைப்பு தாமதமாக வருகிறது. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில் முதல் மாரடைப்பு வரும் நடுவயது ஆண்களுக்கு 56, பெண்களுக்கு 65. ஒன்பது வருடம் தள்ளி வருகிறது, அவ்வளவுதான். வராமல் போவதில்லை. உலகம் முழுக்கப் பெண்களின் மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இதயம், இரத்தக்குழாய் நோய்களால் நடக்கிறது. எல்லாப் புற்றுநோய்களையும் கூட்டினாலும் அந்த எண்ணிக்கையைத் தொடாது. மார்பகக் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வரும் பெண்களிடம் பிபி எவ்வளவு என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை.

மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இதயத்துக்குக் காவல் நிற்கிறது என்பது சரி. அப்படியென்றால் நின்ற பிறகு அதையே மாத்திரையாகக் கொடுத்தால் இதயம் தப்பிக்குமா என்று நாங்களும் ஒரு காலத்தில் ஆசையாகக் காத்திருந்தோம். 1998-இல் ஒரு பெரிய ஆய்வு இல்லை என்றது. 2002-இல் அமெரிக்காவின் இன்னும் பெரிய ஆய்வில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்துக் கொடுத்த பிரிவைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் கூடியிருந்தன. மாதவிடாய் நின்ற காலத்தின் கடுமையான உடல் எரிச்சலுக்காக உங்கள் மருத்துவர் அளவோடு கொடுப்பது வேறு விஷயம், அதை நிறுத்தச் சொல்லவில்லை. இதயத்தைக் காக்க என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

அந்தக் காவலைச் சர்க்கரை நோய் கிட்டத்தட்டத் துடைத்துவிடுகிறது. எங்கள் கவலையில் பாதி இதுதான். சர்க்கரை நோய் ஆண்களுக்கும் இதய நோய் ஆபத்தைக் கூட்டும். ஆனால் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் பார்த்தபோது, சர்க்கரை நோயால் ஆபத்து பெருகும் விகிதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு 44 சதவீதம் அதிகம். புகையிலையிலும் இதே கதை: புகைக்கும் பெண்ணுக்கு ஆபத்து பெருகும் விகிதம் புகைக்கும் ஆணைவிட 25 சதவீதம் கூடுதல்.

யாருமே கேட்காத இன்னொன்று, பிள்ளைப்பேறு. கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதம் போனதா? அப்படிப் போனவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. கர்ப்ப காலச் சர்க்கரை வந்திருந்தால், பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு. "குழந்தை பிறந்ததும் சரியாயிடுச்சு டாக்டர்" என்பார்கள். அப்போதைக்குச் சரியானது. மகப்பேறு மருத்துவரின் கோப்பில் அது தூங்குகிறது, இதய மருத்துவர் அதைத் திறப்பதே இல்லை. பொறுப்பு யாருடையது என்று நாங்கள் சண்டை போட்டு முடிப்பதற்குள் உங்களுக்கு நாற்பத்தைந்து ஆகிவிடும். நீங்களே சொல்லிவிடுங்கள்.

பரிசோதனைகளிலும் ஆண் உடம்பையே அளவுகோலாக வைத்துப் பழகிவிட்டோம். இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் ஏறும் ட்ரோபோனினுக்கு, பரவலாகப் பயன்படும் ஒரு கருவியில் பெண்களுக்கான எல்லை லிட்டருக்கு 16 நானோகிராம், ஆண்களுக்கு 34. இருவருக்கும் ஒரே எல்லையைப் போட்டால் நடுவில் விழும் பெண்கள் "நார்மல்" என்று வீட்டுக்குப் போவார்கள். ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை என்றாலும் முடிந்தது என்று எண்ண வேண்டாம். இதய இரத்தக்குழாயின் சுவர் தானாகக் கிழிந்து வரும் மாரடைப்பு என்று ஒன்று இருக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பலர் நடுத்தர வயதுகூடத் தாண்டாதவர்கள், கொழுப்பு படிந்த குழாயே இல்லாதவர்கள்.

மருந்தும் இப்படித்தான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977-இல், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளிலிருந்து ஒதுக்கி வைக்கச் சொன்னது. 1993-இல்தான் அதை மாற்றிக்கொண்டார்கள். சோல்பிடம் என்ற தூக்க மாத்திரை பெண்களின் உடம்பிலிருந்து மெதுவாக வெளியேறுகிறது, காலையில் வண்டி ஓட்டும்போதும் மயக்கம் மிச்சமிருக்கிறது என்று பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆக்கியது 2013-இல். விற்பனைக்கு வந்து இருபது வருடம் கழித்து. கணவருக்கு எழுதிய மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆண்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார வேண்டாம். "இது பெண்கள் நோய்" என்ற முத்திரை உங்களையும் கொல்கிறது. எலும்புத் தேய்மானம் பாட்டிகளின் நோய் என்பீர்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்களில் மூவரில் ஒருவருக்கு என்றால், ஆண்களில் ஐவரில் ஒருவருக்கு வாழ்நாளில் அதனால் எலும்பு முறிகிறது. இடுப்பெலும்பு முறிந்தால் அடுத்த ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு ஆண்களுக்கே அதிகம். மார்பகப் புற்றுநோயில் ஏறக்குறைய நூறில் ஒன்று ஆணுக்கு. காம்புக்கு அடியில் கட்டி, காம்பு உள்ளே இழுத்திருக்கிறது என்று வருபவர் அதை மாதக்கணக்கில் சட்டைக்குள் மறைத்து வைத்திருப்பார். வெட்கமாம். காசநோய் வந்த பெரியவர்களில் ஆண்களே அதிகம். உயர் இரத்த அழுத்தத்தில் 2019-ஆம் ஆண்டு உலகக் கணக்கு: அது உள்ளவர்களில், தனக்கு இருப்பதே தெரிந்த பெண்கள் 59 சதவீதம், ஆண்கள் 49. மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து வெளியே உட்கார்ந்திருக்கும் ஆண்களைப் பிடித்து இழுத்துத்தான் பிபி பார்க்க வேண்டியிருக்கிறது.

எல்லாம் ஹார்மோன், எல்லாம் மரபணு என்று சொல்லி முடித்துக்கொள்ளவும் முடியாது. உலக அளவில் பெண்கள் ஆண்களைவிடச் சராசரியாக ஐந்து வருடம் போல அதிகம் வாழ்கிறார்கள். நெதர்லாந்தில் அந்த இடைவெளி மூன்று வருடம், ரஷ்யாவில் ஏறக்குறைய பத்து. குரோமோசோம் எல்லை தாண்டி மாறுவதில்லை. மாறுவது குடியும் புகையும் வேலையும் வைத்தியத்துக்குப் போகும் பழக்கமும். கண் இமை உள்மடிந்து பார்வை பறிபோகும் டிரக்கோமாவைப் பாருங்கள். பெண்கள் ஆண்களைவிட நான்கு மடங்கு வரை அதிகமாகப் பார்வை இழக்கிறார்கள். காரணம் ஹார்மோன் இல்லை, அந்தக் கிருமியைச் சுமக்கும் சிறு குழந்தைகளோடு நாள் முழுக்க இருப்பது அவர்கள்தான்.

ஆண்கள் சராசரியாக உயரம் என்பதற்காக, எதிரில் நிற்பவரை அளக்காமல் யாரும் சட்டை தைப்பதில்லை. நோயில் மட்டும் ஏன் சராசரியைப் பார்த்துக் கத்தரி போடுகிறோம்?

இனி செய்ய வேண்டியது. நெஞ்சில் வலி, அழுத்தம், எரிச்சல், இறுக்கம், எந்தப் பெயரில் வந்தாலும் சரி, ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் அடங்கவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வேலையை முடித்துவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, விடிந்ததும் என்பதெல்லாம் வேண்டாம். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள். வந்ததும் "நெஞ்சு" என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள், அசதியையும் வாந்தியையும் பிறகு சொல்லலாம். பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது விதி, எடுக்கவில்லை என்றால் கேளுங்கள். முதல் ஈசிஜி நார்மல் என்று உடனே கிளம்பாதீர்கள். தொந்தரவு தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும், ட்ரோபோனினையும் திரும்பப் பார்க்க வேண்டும். கேஸ் என்று சொன்னால், "இதயம் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் டாக்டர்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கோபித்துக்கொள்கிற மருத்துவர் கோபித்துக்கொள்ளட்டும்.

நாற்பது தாண்டிய எல்லோரும், ஆணோ பெண்ணோ, பிபி, சர்க்கரை, கொழுப்பு மூன்றின் எண்களையும் தெரிந்துவைத்திருங்கள். கர்ப்பத்தில் பிபியோ சர்க்கரையோ ஏறியிருந்தால் நாற்பதுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பொது இடத்தில் ஒரு பெண் நினைவிழந்து விழுந்து, மூச்சு இல்லாமல் கிடந்தால் மார்பை அழுத்துங்கள். அமெரிக்காவில் பொது இடங்களில் விழுந்தவர்களைக் கணக்கெடுத்தபோது, சுற்றியிருந்தவர்களிடம் மார்பை அழுத்தும் இந்த முதலுதவி கிடைத்தது ஆண்களில் 45 சதவீதம் பேருக்கு, பெண்களில் 39 சதவீதம் பேருக்கே. தொடத் தயங்குகிறார்கள், யாராவது தப்பாக நினைப்பார்களோ என்று. கை வைக்க வேண்டியது நடுநெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், ஆணுக்கும் அதே இடம்தான். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல்.