ஆலயம்: பொருளும் தமிழ்ச்சொல்லும்

‘ஆலயம் தொழுவது சாலவும் நன்று’ என்னும் கொன்றைவேந்தன் அடியைப் பள்ளியில் ஓதாத தமிழர் குறைவு. அதனாலேயே ஆலயம் என்பது பழந்தமிழ்ச் சொல் என்றே பலர் எண்ணுகின்றனர். செட்டிநாட்டுத் திருமண அழைப்பிதழ்களிலும் குடமுழுக்கு மலர்களிலும் ஒரே பக்கத்தில் ஓரிடத்தில் ஆலயம் என்றும் மற்றோரிடத்தில் கோயில் என்றும் அச்சிட்டிருப்பதைக் காணலாம். இரண்டும் ஒரே பொருளைத்தான் தருகின்றனவா, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எங்கும் வைக்க முடியுமா என்பதை ஆராய்வது பயனுடையது.

ஆலயம் வடசொல். பொருந்தித் தங்குதல், ஒட்டியிருத்தல் என்னும் பொருளுடைய ‘லீ’ என்ற வேரின்முன் ‘ஆ’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்து பிறந்த இச்சொல்லுக்குத் தங்குமிடம், உறைவிடம் என்பதே நேர்ப்பொருள். பனி உறையும் இடம் இமாலயம். தேவர் உறையும் இடம் தேவாலயம். ‘ஆ’ என்பது ஆன்மா, ‘லயம்’ என்பது ஒடுங்குதல், ஆகவே ஆன்மா இறைவனிடம் ஒடுங்கும் இடமே ஆலயம் என்று சமயச் சொற்பொழிவுகளில் கேட்கும் விளக்கம் பத்தியின் பாற்பட்டது. அந்த விளக்கத்தில் உயர்ந்த கருத்து உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சொற்பிறப்பு என்ற கணக்கில் அதைச் சேர்க்க இயலாது.

கோயில் என்பது ‘கோ’, ‘இல்’ என்னும் இரு தமிழ்ச்சொற்களின் சேர்க்கை. கோ என்பது அரசனையும் தலைவனையும் இறைவனையும் குறிக்கும்; இல் என்பது வீடு. இ, ஈ, ஐ என்னும் எழுத்துகளுக்குப் பின் யகரமும், ஏகாரத்துக்குப் பின் யகர வகரம் இரண்டும், ஏனை உயிர்களுக்குப் பின் வகரமும் உடம்படுமெய்யாக வரும் என்கிறது நன்னூல். அவ்விதிப்படி வரவேண்டிய வடிவம் கோவில். எனினும் பழைய இலக்கியத்திலேயே கோயில் என்ற வடிவம் ஆட்சி பெற்றிருப்பதால் இரண்டையும் ஏற்கலாம். ஒன்றைப் பிழையென்று திருத்தப் புகுவது வேண்டாத வேலை.

இச்சொல் முதலில் அரண்மனைக்குரியதா, இறைவன் இடத்துக்குரியதா என்ற கேள்வி எழும்போது சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை பெரிதும் உதவுகிறது. மதுரையின் காலை முரசொலி எழும் இடங்களைச் சொல்லும் இளங்கோவடிகள், நுதல்விழி நாட்டத்து இறையோன் கோயில், உவணச் சேவல் உயர்த்தோன் நியமம், மேழிவலன் உயர்த்த வெள்ளை நகரம், கோழிச் சேவற் கொடியோன் கோட்டம், அறவோர் பள்ளி, மன்னவன் கோயில் என்று அடுக்குகிறார். சிவபெருமான் இடமும் கோயில், பாண்டியன் இடமும் கோயில். திருமாலுக்கு நியமம், பலராமனுக்கு நகரம், முருகனுக்குக் கோட்டம், துறவியர்க்குப் பள்ளி. ஆலயம் என்னும் சொல்லுக்கு இந்த வரிசையில் இடமே இல்லை. ‘முக்கட் செல்வர் நகர்வலஞ் செயற்கே’ என்னும் புறநானூற்று அடியிலும் நகர் என்பது சிவன் கோயிலையே குறிக்கிறது. செட்டிநாட்டு ஊர்களில் வழங்கும் ‘நகரச் சிவன் கோயில்’ என்ற தொடரில் உள்ள நகரம் இதனின்று வேறு. அது வணிகர் அவையைக் கல்வெட்டுகள் நகரம் என்று குறிக்கும் வழியில் வந்தது. செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாருக்கு வழங்கும் நகரத்தார் என்ற பெயரும் அவ்வழியில் வந்ததே.

மன்னனுக்கும் கடவுளுக்கும் ஒரே சொல்லை வழங்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. சுமேரிய மொழியில் ‘பெரிய வீடு’ எனப் பொருள்படும் ‘ஏ-கல்’ என்ற தொடர் அக்காதிய மொழியில் அரண்மனையைக் குறிக்கும் ‘ஏகல்லு’ ஆயிற்று. அதுவே எபிரேயத்தில் ‘ஹேகால்’ என்று வழங்கி அரண்மனைக்கும் எருசலேம் கோயிலுக்கும் பொதுவாக நின்றது. அந்தக் கோயிலை உரோமர் கி.பி. 70இல் அழித்தபின் யூதரிடையே பலி வழிபாடு நின்றது. வேதம் ஓதவும் மன்றாடவும் கூடும் இடமே அவர்களுடைய சமய வாழ்வின் நடுவாயிற்று. அவ்விடத்தின் எபிரேயப் பெயருக்குக் ‘கூடும் வீடு’ என்பது பொருள். இசுலாத்தில் ‘மஸ்ஜித்’ என்ற அரபுச்சொல் நெற்றி நிலம்தோயப் பணியும் இடத்தைக் குறிக்கிறது. இறைவன் குடியிருக்கும் வீடு என்ற கருத்து அதில் இல்லை. சீக்கியரின் குருத்வாரா குருவின் வாயில். பௌத்தரின் விகாரம் முதலில் துறவியர் தங்குமிடம். ஆக, உறைதல், கூடுதல், பணிதல் என்று ஒவ்வொரு சமயமும் தன் வழிபாட்டின் உயிர்நிலையையே அந்த இடத்துக்குப் பெயராக வைத்திருக்கிறது.

தமிழ் மக்கள் இவற்றைத் தம் சொற்களால் வழங்கிய முறை வியப்புக்குரியது. புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலில் உள்ள சமணக் குடைவரைக்கு அறிவர் கோயில் என்று பெயர். சமணத் துறவியர் உறைவிடத்துக்கு வழங்கிய பள்ளி என்னும் சொல் பின்னர்க் கல்விக்கூடத்துக்கும் ஆயிற்று, பள்ளிவாசல் என்று இசுலாமியர் தொழுமிடத்துக்கும் ஆயிற்று. தேவகோட்டைப் பக்கத்து மக்கள் 1693இல் கிறித்தவத் துறவி அருளானந்தர் உயிர்நீத்த ஓரியூருக்குச் செல்லும்போது கோயிலுக்குப் போவதாகவே சொல்வார்கள். மாதா கோயில் என்பதும் அவ்வாறு அமைந்ததே. விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு தேவாலயம், ஜெபஆலயம் என்று எழுத, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு முன்னதைத் திருக்கோவில் என்றும் பின்னதைத் தொழுகைக்கூடம் என்றும் ஆக்கியது. உறைவிடத்தையும் கூடுமிடத்தையும் ஆலயம் என்ற ஒரே சொல்லில் அடக்காமல் பிரித்துக் காட்டிய அந்த மொழிபெயர்ப்பாளர்களின் தெளிவு போற்றத் தக்கது.

செட்டிநாட்டில் கோயில் என்ற சொல் இன்னும் ஒருபடி விரிகிறது. நகரத்தார் இருவர் புதிதாகச் சந்தித்தால் ‘எந்த ஊர்?’ என்பதோடு ‘எந்தக் கோயில்?’ என்றும் கேட்பார்கள். எந்தக் கோயிலில் வழிபடுகிறீர்கள் என்பது அதன் பொருளன்று. எந்தப் பங்காளிக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதே கேள்வி. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்னும் ஒன்பதுமே அக்கேள்விக்குரிய விடைகள். ஒரே கோயிலைச் சேர்ந்தவர் பொதுவாக உடன்பிறந்தார் முறை. அவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை இல்லை. இளையாற்றங்குடி போன்ற பெரிய கோயில்களில் உட்பிரிவுகள் இருப்பதால் அங்குமட்டும் கணக்கு வேறுபடும். பிள்ளையார்பட்டியும் இரணியூரும் இரு கோயில்களாயினும் உடன்பிறந்த கோயில்கள் என்று கொள்ளப்படுவதால் அவற்றுக்கிடையேயும் மணம் கொள்வதில்லை. மணநாளில் இருவீட்டாரின் கோயில்களிலிருந்தும் கோயில் மாலை வரவேண்டும். மணமான பின்னரே அந்தத் தம்பதியர் கோயில் கணக்கில் ஒரு புள்ளி ஆகின்றனர். வரியும் உரிமையும் புள்ளியைக் கொண்டே அமைகின்றன.

கடல் கடந்தபோதும் இந்தப் பொருள் உடன் சென்றது. சிங்கப்பூரில் 1859இல் தண்டாயுதபாணிக்கு எழுப்பிய கோயிலை ஊரார் செட்டியார் கோயில் என்றே அழைத்தனர். இரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் கூடித்தான் வட்டித்தொழில் செய்த நகரத்தார் நடப்பு வட்டியை முடிவு செய்தனர். இறைவன் சந்நிதியில் பேசிய சொல்லுக்குப் பத்திரத்தைவிட வலிமை மிகுதி என்ற நம்பிக்கை, ஒரு பெரும் வணிகத்தையே தாங்கி நின்றிருக்கிறது. தலைவனின் இல்லமாகப் பிறந்த சொல், யூதரின் கூடும் வீடு செய்யும் பணியையும் தன்னுள் ஏற்றுக்கொண்டது இப்படித்தான்.

ஆலயம் என்ற சொல்லை விலக்கவே வேண்டுமா என்று கேட்கலாம். ‘உள்ளம் பெருங்கோயில் ஊனுடம்பு ஆலயம்’ என்று திருமூலர் இரண்டையும் ஒரே அடியில் ஆண்டிருக்கிறார். ‘ஆலயந் தானும் அரனெனத் தொழுமே’ என்று சிவஞானபோதமும் ஆள்கிறது. செய்யுளில் நிலைபெற்ற சொல்லை அங்கிருந்து பெயர்ப்பது முறையன்று. உரைநடையிலும் பெயர்ப்பலகையிலும் அழைப்பிதழிலும் புதிதாக எழுதும்போது, இறைவன் உறையும் இடத்துக்குக் கோயில், திருக்கோயில் என்பனவும், கூடி மன்றாடும் இடத்துக்குத் தொழுகைக்கூடம் என்பதும் போதும். பள்ளிவாசல் தமிழாகவே இருப்பதால் அதற்கு மாற்று வேண்டியதில்லை. இதில் ஐயமுடையோர் கோயில் மாலை என்ற தொடரை ஆலய மாலை என்று மாற்றி, செட்டிநாட்டு ஆச்சி ஒருவரிடம் சொல்லிப் பார்க்கலாம். சாமிக்குச் சாத்துகிற ஏதோ ஒரு மாலை என்றுதான் அவர் கொள்வார்; மணமக்களுக்கு வரவேண்டிய மாலை அவர் நினைவுக்கு வராது.