அதிர்வெண்ணை அலைவரிசை என்பது தகுமா?

'மனிதச் செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளைக் கேட்கும்' என்று ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில் இந்த வாரமும் படித்தேன். நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற எண்ணிக்கையைச் சொல்ல வந்தவர், எண்ணே இல்லாத ஒரு சொல்லை எடுத்தாள்கிறார்.

இந்த எண்ணிக்கைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஃபிரீக்வென்சி', நெருக்கத்தையும் அடிக்கடி நிகழ்தலையும் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. தமிழில் அதிர்வும் எண்ணும் சேர்ந்து அதிர்வெண் ஆயிற்று.

அலைவரிசை தன்னளவில் பிழையான சொல் அன்று. பழைய வானொலிப் பெட்டிகளின் முகப்பில் சிற்றலைக்கு 25, 31, 41, 49 மீட்டர் என்று அச்சிட்டிருந்தார்களே, அவை ஒவ்வொன்றும் அடுத்தடுத்த பல அதிர்வெண்கள் அடங்கிய பட்டை. அதை வரிசை என்பது பொருந்தும். தொலைக்காட்சி சேனலுக்கு அச்சொல் வந்ததிலும் குறையில்லை. ஆனால் வானொலியில் 'அலைவரிசை' என்றதும் ஓர் எண் ஒலித்ததால், அந்த எண்ணின் பெயரே அலைவரிசை என்று செய்தி எழுதுவோர் கொண்டுவிட்டனர். அது இயற்பியலுக்குள்ளும் புகுந்ததுதான் கேடு. வீணைத் தந்தியை ஓங்கி மீட்டினால், அது விலகி அசையும் அளவாகிய வீச்சு கூடும், அதிர்வெண் மாறாது என்று எழுதினால் யாருக்கும் விளங்கும். அங்கே 'அலைவரிசை மாறாது' என்று எழுதினால், எந்த வரிசை என்றுதான் மாணவர் கேட்பார்.

அலைநீளத்தோடு உறவு சொல்லும்போது குழப்பம் இன்னும் பெருகுகிறது. அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் பெருக்கினால் வருவது அலையின் வேகம். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், 340 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 1 மீட்டர். அதே ஒலி நீருக்குள் நுழைந்தால் வேகம் நான்கு மடங்குக்கு மேலாகிறது. அலைநீளமும் 4 மீட்டரைத் தாண்டுகிறது. அதிர்வெண் மட்டும் 340 ஆகவே நிற்கிறது, ஏனெனில் அதை முடிவுசெய்வது ஒலி எழுப்பும் பொருளே அன்றி ஊடகம் அன்று. எண்ணும் நீளமும் இப்படித் தனித்தனியே நிற்பதை அதிர்வெண், அலைநீளம் என்ற பெயர்களே காட்டிவிடுகின்றன. அலைவரிசை என்ற பெயரில் நீளமும் ஒளிந்துகொள்ளலாம், எண்ணும் ஒளிந்துகொள்ளலாம்.

அலைவெண் என்று எழுதுவோரும் உள்ளனர். அலைவு, எண் என்று பிரித்தால் பொருள் சரியே. ஆயினும் ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலைகள் அடங்கும் என்பதைக் குறிக்க, ஒளியை நிறங்களாகப் பிரித்து ஆராயும் நிறமாலையியலில் அலையெண் இருக்கிறது. வகரமும் யகரமும் மட்டுமே பிரிக்கும் இரு சொற்களை ஒரே பாடத்தில் வைத்தால், ஒற்றை அச்சுப்பிழையில் நொடிக்கணக்கு சென்டிமீட்டர் கணக்காகிவிடும்.