சென்னை – சான் பிரான்சிஸ்கோ: தூரத்தை மட்டும் பார்த்து டிக்கெட் போடாதீர்கள்

டிராவல் ஏஜென்சி நடத்துகிற என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ 13,900 கிலோமீட்டர்தானே, விமானம் மணிக்கு 900 போகுது, பதினஞ்சரை மணி நேரம்தானே ஆகணும், நீங்க ஏன் 24 மணி நேரம் சொல்றீங்க?"

கணக்கு சரிதான். ஆனால் அந்த 13,900 என்பது உருண்டையான பூமியின் மேல் இரண்டு ஊருக்கும் நடுவே இழுத்த மிகக் குறுகிய கோடு. அந்தக் கோட்டில் உங்களை ஏற்றிக்கொண்டு போக சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாகப் போனால் சுமார் 16,000 கிலோமீட்டர், சிங்கப்பூர் வழியாகப் போனால் இன்னும் கொஞ்சம் கூடுதல். நடுவில் காத்திருக்கும் நேரம் தனி.

அப்புறம் காற்று. வடக்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் முதுகில் தள்ளினால் சிங்கப்பூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குச் சுமார் 15 மணி நேரத்தில் போய்விடலாம், திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிப்பதால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் கூடும். இதுபோக, ஒரு நாடு தன் வான்வெளியை மூடினால் விமானம் சுற்றித்தான் போக வேண்டும். 2022-இலிருந்து அமெரிக்க விமானங்கள் ரஷ்யா மேல் பறக்க முடியாமல் இருப்பது அப்படித்தான்.

பெற்றோருக்கு டிக்கெட் போடும் பிள்ளைகள் தேதியைத் தயவுசெய்து கவனியுங்கள். கோடைக்காலத்தில் நமக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. ஜூன் 15 அதிகாலை 2.30-க்குக் கிளம்பி, அதே 15ஆம் தேதி மதியம் 2 மணிக்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கும். பார்த்தால் பதினொன்றரை மணி நேரம், உண்மையில் 24. அதைவிட முக்கியம், 15 அதிகாலை 2.30 என்றால் 14ஆம் தேதி ராத்திரி 11 மணிக்குள் மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு வந்து நின்று, விமானம் இன்று அதிகாலையே போய்விட்டது என்று கேட்டு உறைந்துபோன அம்மா அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த முகங்கள் மறப்பதில்லை.

விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் போடாதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்குப் பொறுப்பில்லை, பெட்டியையும் நீங்களே எடுத்துத் திரும்பப் போட வேண்டும், சில நாடுகளில் அதற்காக விசாவே கேட்பார்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தாலும், நியூயார்க் மாதிரி வேறொரு அமெரிக்க ஊர் வழியாகப் போனால் இமிகிரேஷன், பெட்டி எடுப்பது, கஸ்டம்ஸ் எல்லாம் முதலில் இறங்கும் ஊரிலேயே முடியும். அங்கே ஒன்றரை மணி நேரக் கனெக்‌ஷன் இருந்தால் எழுபது வயதுக்காரர் எப்படி ஓடுவார்? மூன்று, நான்கு மணி நேரமாவது விடுங்கள், டிக்கெட் போடும்போதே வீல்சேரும் கேட்டுவிடுங்கள். அபுதாபி வழியாக என்றால் அமெரிக்க இமிகிரேஷனை அங்கேயே முடித்துவிடலாம், அதற்கும் சேர்த்து நேரம் வைக்க வேண்டும்.

இன்சுலின் போடுபவர்கள் எந்த ஊர் மணிப்படி போடுவது என்று கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், மருந்தைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம்.