தொட்டிக்குள் ஆளை இறக்கினால் குற்றம் யாருடையது?

கழிவுநீர் லாரி மூன்றாவது நடையையும் முடித்திருக்கும். குழாய் வெறும் காற்றை இழுக்கத் தொடங்கும். தொட்டியின் அடியில் களிமண்போல் இறுகிய கசடு மட்டும் மிச்சம் இருக்கும். அப்போதுதான் கல்யாண மண்டபத்து மேலாளரோ, அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளரோ வாயைத் திறப்பார்: "ஒரு ஆளை இறக்கி வாரிவிடச் சொல்லப்பா, கையில் தனியாக ஐந்நூறு தருகிறேன்."

ஐந்நூறு ரூபாயில் வேலை முடிந்தது என்று அவர் நினைக்கிறார். சட்டத்தின் பார்வையில் அவருடைய பொறுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013 டிசம்பர் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. உலர் கழிப்பறையைச் சுத்தம் செய்யும் கொடுமையைப் பற்றிய சட்டம் அது, நமக்குச் சம்பந்தமில்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் 7ஆம் பிரிவு பாதாளச் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் பற்றியது. உரிய கவசமும் கருவியும் பாதுகாப்பு ஏற்பாடும் இல்லாமல் ஒருவரை உள்ளே இறக்கக் கூடாது. நேரடியாகவும் கூடாது, மறைமுகமாகவும் கூடாது. அந்த 'மறைமுகமாக' என்ற சொல்லைத்தான் உரிமையாளர்கள் கவனிக்க வேண்டும். "நான் லாரிக்காரரிடம்தான் பேசினேன், ஆளை இறக்கியது அவர்" என்ற வாதத்தை அது அடைத்துவிடுகிறது.

முதல் முறை குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம். போலீஸ் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம். நிறுவனம் என்றால் அப்போது பொறுப்பில் இருந்தவர் மாட்டிக்கொள்வார். உயிர் போனால் அலட்சியத்தால் மரணம் விளைவித்த வழக்கும் சேரும்; புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் அதற்கு 5 ஆண்டு வரை சிறை.

"கவசம் கொடுத்துவிட்டால் சரிதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கொடுப்பது பெரும்பாலும் துணி முகக்கவசமும் ரப்பர் கையுறையும். சட்டத்தின் கீழ் வந்த விதிகள் கேட்பதோ வேறு. உள்ளே இருக்கும் காற்றில் ஆக்சிஜன் போதுமா, நச்சு வாயு இருக்கிறதா, தீப்பிடிக்கும் வாயு இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்திருக்க வேண்டும். குறைந்தது 3 பணியாளர்கள் இருக்க வேண்டும், அதில் ஒருவர் மேற்பார்வையாளர். தொடர்ந்து 90 நிமிடத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஆயுள் காப்பீடு எடுத்து, பிரீமியத்தை வேலை கொடுப்பவர் கட்ட வேண்டும். பாதாளச் சாக்கடை என்றால், இத்தனையும் இருந்தாலும் சுத்தம் செய்ய ஆளை இறக்கக் கூடாது. இயந்திரம் செல்லவே முடியாத சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு. கழிவுநீர் சேரும் கிணற்றின் அடியில் பொருத்திய நீர்மூழ்கி மோட்டாரை எடுப்பது அதில் ஒன்று. அதற்கும் முதலில் கழிவுநீரை முழுக்க வெளியேற்றிவிட வேண்டும்.

ஏன் இத்தனை கெடுபிடி? தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு தேங்குகிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு. நாற்றம் போய்விட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. அளவு கூடும்போது இந்த வாயு மோப்ப நரம்பை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் தெரியாமல் போவதே ஆபத்தின் அறிகுறியாக இருக்கலாம். இன்னொன்று: மூடியைத் திறந்தபோது சாதுவாகத் தெரிந்த தொட்டியில், கசடைக் கிளறியதும் அதற்குள் அடைபட்டிருந்த வாயு ஒரேயடியாக வெளியே வரும். விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் அதைவிட மோசம். உள்ளே தீப்பிடிக்கும் மீத்தேன் வாயுவும் இருக்கிறது.

இறுகிய கசடுக்கு வழி இல்லாமல் இல்லை. மேலிருந்தே அழுத்தத்தோடு தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து, மறுபடி உறிஞ்ச வேண்டும். கூடுதலாக ஒரு நடைக்குப் பணம் ஆகும், அவ்வளவுதான். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை எடுத்துவந்தால் அந்த நிலையே வராது. பத்து ஆண்டு திரும்பிப் பார்க்காமல் விட்டுவிட்டு, ஒரே நாளில் அடிவரை சுத்தமாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள்தான் ஆளைத் தேடுகிறார்கள்.

லாரியை அழைக்கும்போது உள்ளாட்சி அமைப்பின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். லாரிக்காரரின் எண் தெரியாவிட்டால் 14420 என்ற உதவி எண் இருக்கிறது. எடுத்த கழிவை எங்கே கொட்டுகிறார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டியதை ஏரியிலோ ஓடையிலோ கலந்தால் அது 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தையும் மீறுவதாகும்.

20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டியவர்கள் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கி, வளாகத்திலேயே சுத்திகரிப்பு நிலையம் வைத்திருப்பார்கள். அதன் சேகரிப்புத் தொட்டியிலும் இதே வாயுதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைக் கோப்பை ஒழுங்காக வைத்திருக்கும் வளாகங்களில்கூட, வாயு அளக்கும் கருவி எங்கே என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தரமாக முடங்கிப் பிழைக்க வழியற்றுப் போனவருக்கு 20 லட்சத்துக்குக் குறையக் கூடாது, மற்ற ஊனங்களுக்கு 10 லட்சத்துக்குக் குறையக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மரணம் நிகழாவிட்டாலும், உரிய பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கியதே குற்றம். பார்த்தவர்கள் தள்ளிப்போடக் கூடாது. குற்றம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் போனால்தான் இந்தச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளும்.

எல்லாம் மீறி ஒருவர் உள்ளே மயங்கி விழுந்துவிட்டால், அவரைத் தூக்க இன்னொருவர் குதிக்கக் கூடாது. ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தி வருவது இப்படித்தான். மூடிகளை எல்லாம் திறந்துவிட்டு, 101க்கும் 108க்கும் அழையுங்கள். உள்ளே இறங்குவதற்கு வேண்டிய காற்று சிலிண்டரும் சுவாசக் கருவியும் தீயணைப்புத் துறையினரிடம்தான் இருக்கும்.