மஞ்சப்பையில் இருப்பதை எங்களிடமும் காட்டுங்கள்

மூன்றாவது கீமோவுக்கு வந்திருக்கும் அம்மாவின் ரத்த ரிப்போர்ட்டில் கல்லீரல் என்சைம்கள் பல மடங்கு எகிறியிருக்கும். போன சைக்கிளில், அதாவது போன கீமோ சுற்றில், எல்லாம் சரியாக இருந்தது. மருந்தின் வேலையா, வைரஸா, நோய் கல்லீரலுக்குப் போய்விட்டதா? ஸ்கேன் எழுதுகிறோம், மஞ்சள் காமாலைப் பரிசோதனைகள் எழுதுகிறோம், கீமோவைத் தள்ளிவைக்கிறோம். கூட நிற்கும் கணவர் வாயே திறக்கமாட்டார். நான்கு நாள் கழித்து மகள் தனியாக வந்து சொல்வாள்: "அப்பா தினமும் காலையில சீந்தில் கொடி கஷாயம் வச்சுக் குடுக்கிறாரு டாக்டர். நீங்க திட்டுவீங்கன்னுதான் சொல்லல."

சென்னையில் புற்றுநோய் வார்டில் வேலை பார்க்கும் எவரைக் கேட்டாலும் இதைப் போல ஒன்றைச் சொல்வார்கள். அண்மையில் அடுத்தடுத்து இதையே பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். கொரோனா சமயத்தில் ஊரே சீந்திலைக் குடித்தது. அதில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்திருக்கிறார்கள். நன்றாக இருப்பவருக்கே அப்படியென்றால், கீமோ ஓடிக்கொண்டிருக்கும் உடம்பை நினைத்துப் பாருங்கள்.

முதலில் கணவர்களுக்கும் மனைவிகளுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏன் கொடுக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். கீமோ நாங்கள் ஏற்றுகிறோம், ஆபரேஷன் சர்ஜன் செய்கிறார், கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) மெஷின் வைக்கிறது. ராத்திரி பக்கத்தில் படுத்திருக்கும் உங்களுக்கு அவர் முனகுவதைக் கேட்பதைத் தவிர ஒரு வேலையும் இல்லை. அப்போது யாராவது "இந்த இலையை அரைச்சுக் குடு" என்றால், கையால் செய்ய ஒன்று கிடைத்ததே என்று செய்கிறீர்கள். அதில் தப்பு சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு நிமிட ஓ.பி.யில் "கண்டதையும் குடுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிற எங்கள் மேலும் பழி உண்டு. திட்டு விழும் இடத்தில் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள்.

ஆனால் ஒரு வாக்கியத்தை மட்டும் இனிமேல் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது: "இது இயற்கை மருந்து, பக்க விளைவே கிடையாது."

பெசன்ட் நகரிலிருந்து திருவான்மியூர் வரை கடற்கரை மணலில் நித்தியகல்யாணி தானாக முளைத்துக் கிடக்கும். சுடுகாட்டுமல்லி என்றும் சொல்வார்கள். அந்தச் செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகள் வந்தன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு 1960-களிலிருந்து இன்றுவரை வின்கிரிஸ்டின் இல்லாமல் வேலை ஆகாது. எவ்வளவு ஏற்றுகிறோம் தெரியுமா? உடம்பின் பரப்பளவில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1.4 மில்லிகிராம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டவிடமாட்டோம். தாண்டினால் விரல் நுனி மரத்துப்போகும், கால் துவளும், குடல் அசையாமல் வயிறு கல்லாகும். அதே மருந்து தவறுதலாக முதுகுத்தண்டு நீருக்குள் போனால் உயிரே போய்விடும். இத்தனையும் ஒரு செடியின் வேலை. பேக்ளிடாக்செல் என்ற கீமோ மருந்தும் ஒரு மரப்பட்டையில் கண்டுபிடித்தது. ஆக "ஆங்கில மருந்து ரசாயனம், நாட்டு மருந்து இயற்கை" என்று கோடு கிழிப்பதற்கு அடிப்படையே இல்லை. புற்றணுவைக் கொல்லும் அளவுக்கு ஒரு பொருளுக்கு வலு இருந்தால், அது பக்கத்து அணுவையும் தொடத்தான் செய்யும். எதையுமே தொடாது என்றால் புற்றையும் தொடாது. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்கமுடியும். (இதைப் படித்துவிட்டு நித்தியகல்யாணி இலையைப் பறித்துக் கொதிக்கவைக்கக் கிளம்பாதீர்கள். கைப்பிடி இலையில் எத்தனை மில்லிகிராம் இறங்கும் என்று யாராலும் சொல்லமுடியாது.)

இன்னொன்றும் யோசியுங்கள். பக்க விளைவு இல்லை என்று சித்த மருத்துவம் எங்கே சொன்னது? சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று வைத்தவர்கள் அவர்கள்தான். பத்தியம் வைத்தார்கள், மருந்தோடு எதைச் சேர்த்துச் சாப்பிடவேண்டும் என்று அனுபானம் வைத்தார்கள், இத்தனை நாளோடு நிறுத்து என்று கணக்கு வைத்தார்கள். ஆபத்து இல்லாத மருந்துக்கு எதற்குப் பத்தியம்? பக்க விளைவு இல்லை என்பது யூடியூபில் பொடி விற்பவரின் வசனம். அதை வைத்தியரின் தலையில் கட்டாதீர்கள்.

ரசகந்தி மெழுகு என்ற சித்த மருந்தின் பெயரிலேயே ரசம் இருக்கிறது, அதாவது பாதரசம். பாதரசம் சேரும் இடம் சிறுநீரகம். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் நேராகச் சிறுநீரகத்தைத்தான் அடிக்கும். அதனால்தான் அந்த மருந்துக்கு முன்னும் பின்னும் லிட்டர் கணக்கில் சலைன் ஏற்றுகிறோம். இரண்டும் ஒரே மாதத்தில் போய், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 0.8-லிருந்து 2-க்கு ஏறினால், நல்ல பலன் கொடுத்துக்கொண்டிருந்த சிஸ்பிளாட்டினை நாங்கள் நிறுத்தவேண்டி வரும். நஷ்டம் நோயாளிக்கு.

சித்த மருத்துவம் பார்க்கவேண்டும் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. அங்கே படித்த, பதிவு பெற்ற வைத்தியர்கள் இருக்கிறார்கள். கீமோ அட்டவணையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் எழுதியதை எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள். வாந்தி, பசியின்மை, தூக்கம், வலி ஆகியவற்றுக்கு அவர்களால் செய்யக்கூடியது உண்டு.

பெயர் ஒட்டாத பொட்டலம் மட்டும் வேண்டவே வேண்டாம். பொடி சாப்பிட்ட மூன்றாம் நாளே பசி எடுக்கிறது, வலி குறைகிறது, முகம் தெளிகிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். மூலிகைப் பொடியில் ஸ்டீராய்டு மாத்திரையைக் கலந்து விற்பது பழைய வேலை. வீட்டில் எல்லோரும் "மருந்து கேக்குது" என்பார்கள். கட்டி அதன்பாட்டுக்கு வளரும், சர்க்கரை ஏறும். பொட்டலம் தீர்ந்து திடீரென நின்றால் ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். உரிம எண், தயாரிப்புத் தொகுதி எண், மூலப்பொருள் பட்டியல், காலாவதி தேதி என நான்கும் இல்லாத டப்பா வீட்டுக்குள் வரக்கூடாது. "கேன்சரைக் குணப்படுத்துகிறோம்" என்று விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் புற்றுநோய் பெயரோடு இருக்கிறது. விளம்பரம் பார்த்து வாங்கினீர்கள் என்றால், சட்டத்தை மீறுகிறவரிடம்தான் வாங்குகிறீர்கள்.

சமையலில் போடும் மஞ்சளுக்கும் மிளகு ரசத்துக்கும் எங்களிடம் ஆட்சேபம் இல்லை. மஞ்சள் சத்தை மிளகுச் சத்தோடு சேர்த்து அடைத்த காப்ஸ்யூலுக்கு உண்டு. மார்பகப் புற்றுக்கு டமாக்சிஃபென் சாப்பிடும் பெண்களின் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவை இந்தக் கூட்டு குறைப்பது தெரியவந்திருக்கிறது. பம்பளிமாஸ் பழம் பல புற்றுநோய் மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் தாறுமாறாக ஏற்றிவிடும். மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுக்கு போர்ட்டெசோமிப் ஊசி போடுகிறவர்கள் கிரீன் டீ காப்ஸ்யூலைத் தொடவேண்டாம், மருந்தோடு ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடும். பாதாம்பருப்பு போலிருக்கும் ஆப்ரிகாட் கொட்டையை "பி 17 வைட்டமின்" என்று விற்கிறார்கள். அப்படி ஒரு வைட்டமின் கிடையாது, வயிற்றுக்குள் போனால் சயனைடு வரும்.

சிகிச்சையோடு சேர்த்துக் கொடுப்பதைவிடப் பெரிய ஆபத்து, சிகிச்சையை விட்டுவிட்டு இதை மட்டும் கொடுப்பது. பரவாத நிலையில் இருந்த மார்பக, பெருங்குடல், நுரையீரல், புராஸ்டேட் புற்றுநோயாளிகளில், மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட இவர்களுக்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் மட்டும் பார்த்தால் ஐந்து மடங்குக்கும் மேல். நல்ல நிலையில் பிடிபட்ட நோய்க்குத்தான் அதிக நஷ்டம். இரண்டு சென்டிமீட்டர் கட்டியோடு போனவர், "கத்தி பட்டா பரவிடும்" என்ற பேச்சைக் கேட்டு ஒரு வருடம் பொடி சாப்பிட்டு, தோல் கிழிந்து சீழ் வைத்துத் திரும்பி வரும்போது அது முதல் நிலையாக இருக்காது. கத்தியால் பரவியதில்லை. காத்திருந்ததால் பரவியது.

சோற்றைப் பிடுங்குவதையும் நிறுத்துங்கள். "சர்க்கரையை நிறுத்தினா கேன்சர் பட்டினி கிடக்கும்" என்று சோறு, இட்லி, பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அருகம்புல் சாற்றில் ஓட்டுகிறார்கள். பட்டினி கிடப்பது நோயாளிதான். சாப்பாட்டில் வராத குளுக்கோஸை உடம்பு தசையைக் கரைத்துச் செய்துகொள்ளும். கீமோ அளவை நாங்கள் உயரமும் எடையும் பார்த்துத்தான் கணக்கிடுகிறோம். எடை சரிந்தால் மருந்தைத் தாங்கும் வலுவும் சரியும். 50 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. பருப்பு, முட்டை, மீன், கோழி, பனீர் என்று மூன்று வேளையும் சேர்த்தால்தான் எட்டும். முட்டை மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவேண்டும். சர்க்கரை நோய் இருப்பவருக்குக் கணக்கு வேறு, கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். கீமோ ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை பொதுவாகக் கவுண்ட், அதாவது வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, அடிமட்டத்தில் இருக்கும். அந்த நாட்களில் பச்சைச் சாறு, கோமியம், கோயில் குளத்துத் தீர்த்தம், வெட்டி வைத்த பழம் எதுவும் கூடாது. தீர்த்தம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுங்கள். கொதித்தால் புனிதம் போகாது. வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 டிகிரி காட்டினால் நிலவேம்பு, கஷாயம், வேப்பிலை எதுவும் வேண்டாம். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைக்கவும் வேண்டாம். ராத்திரி இரண்டு மணி ஆனாலும் ஆட்டோவோ 108-ஓ பிடித்துக் கிளம்புங்கள். வாசலிலேயே "கீமோ ஏறி இத்தனாவது நாள், காய்ச்சல்" என்று சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக் முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஏறவேண்டும். "விடியட்டும், பார்த்துக்கலாம்" என்று விட்டதால் இழந்தவர்கள் உண்டு.

நம்பிக்கையைப் பற்றி எங்களுக்குச் சண்டையே இல்லை. பிரார்த்தனை செய்கிறவர்கள் அமைதியாக ஊசிக்குக் கை நீட்டுவதைத் தினமும் பார்க்கிறோம். விபூதி, குங்குமம் நெற்றியில் இருக்கட்டும், கரண்ட் வைக்கும் இடத்தில் மட்டும் வேண்டாம். அங்கே எண்ணெய், தைலம், மஞ்சள் எதுவும் தடவக்கூடாது, இடத்தைக் குறித்துப் போட்டிருக்கும் கோடும் அழியும், தோலும் வெந்துபோகும். மொட்டை வேண்டுதல் இருந்தால் சவரக் கத்திக்குப் பதில் டிரிம்மர். கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ தர்காவுக்கோ போகவேண்டுமா, 21 நாள் சைக்கிளில் கடைசி மூன்று நான்கு நாட்களில், கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணிக்குச் செருப்பில்லாமல் நடந்து போகும் வேண்டுதலை நோயாளிக்காகத் துணைவர் ஏற்றுக்கொள்ளலாமே. பேக்ளிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின் ஏறியவர்களுக்குப் பாதம் மரத்திருக்கும், தார் ரோட்டில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. தீமிதிக்கும் அதேதான்.

விரதமும் நோன்பும் இருப்பவர்கள் முன்கூட்டியே கேளுங்கள். கேப்பசைட்டபைன் என்ற கீமோ மாத்திரையை, சாப்பாடு முடிந்த அரை மணி நேரத்துக்குள், காலையும் இரவும் போடவேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கக்கூடாது. "மாத்திரையை விடு, அதுதான் விசுவாசம்" என்று சொல்கிறவர் எந்த மதத்துக்காரராக இருந்தாலும் அந்த வாசலை மிதிக்காதீர்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-லிருந்து ஏழைகளுக்குப் பார்த்துவருகிறது. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலும் ராயப்பேட்டையிலும் பார்க்கிறார்கள். பொடிக்காகத் தாலிச் சங்கிலியை அடகு வைக்காதீர்கள்.

ஒரு விண்ணப்பம். இது வேண்டுமா என்று நோயாளியிடம் கேட்டீர்களா? நீங்கள் வெளியே போனதும் எங்களிடம் நோயாளிகள் சொல்வது இது: "குமட்டிக்கிட்டு வருது டாக்டர். வேணாம்னா அவரு மனசு ஒடிஞ்சிடுவாரு, அதான் குடிக்கிறேன்." உங்களுக்காக அவர் விழுங்குகிறார், அவருக்காக நீங்கள் அரைக்கிறீர்கள். இன்று ராத்திரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு "உனக்கு இது வேணுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்த நேரத்தில் காலைப் பிடித்துவிடுங்கள். எலும்பில் நோய் இருந்தாலோ, பிளேட்லெட் 50,000-க்குக் கீழே இருந்தாலோ அழுத்தாமல் தடவினால் போதும்.

அடுத்த ஓ.பி.க்கு ஃபைல் கொண்டுவரும் மஞ்சப்பையிலேயே எல்லா டப்பாவையும் பொட்டலத்தையும் போட்டுக் கொண்டுவாருங்கள். எது, எந்தத் தேதியிலிருந்து, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆபரேஷன் தேதி குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே காட்டுங்கள், சில மூலிகைகள் ரத்தம் உறைவதைத் தடுக்கும். பாதியை நாங்களே "கொடுங்கள்" என்போம். டாக்டரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால், கீமோ ஏற்றும் சிஸ்டரிடம் சொல்லுங்கள். ஊசி போடுவதற்கு முன்னால் சொல்லுங்கள்.