40 நிமிட வேலைக்கு 25 நாள் ஏன் ஆகிறது?

ஒரு தெரு விளக்கு எரியவில்லை. அந்தத் தெருக்காரர் ஒருவர் நகர சபைக்குப் புகார் கொடுக்கிறார், கையில் ஒரு புகார் எண் கிடைக்கிறது. 25-ஆம் நாள் ஏணி வண்டியோடு ஆட்கள் வந்து, 40 நிமிடத்தில் விளக்கை மாற்றிவிட்டுப் போகிறார்கள். மீதி நேரமெல்லாம் எங்கே போனது?

சோம்பேறித்தனம் என்பதுதான் நம் வாயில் முதலில் வரும் பதில். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒருவர்கூட சும்மா உட்காராத நகர சபையிலும் இதே 25 நாள் ஆகும். சொல்லப்போனால், யாருமே சும்மா உட்காராததால்தான் அவ்வளவு நாள் ஆகிறது. கேட்கத் தலைகீழாக இருக்கும் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள, வரிசையில் காத்திருப்பதன் கணிதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இந்தக் கணிதத்தைத் தொடங்கி வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த அக்னர் எர்லாங். கோபன்ஹேகனில் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த அவர், 1909-இல் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அழைப்புகள் சொல்லிவைத்தாற்போல் சீராக வருவதில்லை. சில நிமிடம் ஒன்றுமே இருக்காது, அப்புறம் பத்துப் பேர் ஒரே நேரத்தில் அழைப்பார்கள். புகார்களும் அப்படித்தான். மழை விட்ட மறுநாள் காலையில் ஒரு வாரத்துப் புகார் ஒன்றாக வந்து விழும்.

இப்போது விளக்குப் பழுது பார்க்க ஒரே ஒரு குழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு விளக்கு 40 நிமிடத்தில் முடியும், நிலத்தடிக் கேபிள் பழுதானால் இரண்டு நாள் இழுக்கும். சராசரியாக ஒரு வேலைக்கு அரை நாள். புகார் வருவதும் வேலை பிடிக்கும் நேரமும் தற்செயலாக ஏறி இறங்கும் மிக எளிய மாதிரியில் கணக்குப் போட்டால், அந்தக் குழு தன் நேரத்தில் 50 சதவீதம் வேலையில் இருக்கும்போது ஒரு புகார் சராசரியாக அரை நாள் காத்திருக்கும். 80 சதவீதம் என்றால் 2 நாள். 90 சதவீதம் என்றால் நாலரை நாள். 95-இல் ஒன்பதரை நாள். 98-இல் இருபத்து நாலரை நாள்.

அந்தக் கடைசி எண்களை இன்னொரு தடவை பாருங்கள். 90-லிருந்து 98-க்குப் போகும்போது வேலை பத்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை. காத்திருப்பு ஐந்து மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. காரணம் எளிது. செவ்வாய்க்கிழமை கிடைத்த ஒரு ஓய்வு மணி நேரத்தை எடுத்துவைத்து, வியாழக்கிழமை மழைக்குப் பயன்படுத்த முடியாது. ஓய்வு வீணாகப் போய்விடுகிறது, பாக்கி மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது. அந்தப் பாக்கியைக் கரைக்க இடைவெளி வேண்டும். தீயணைப்பு நிலையத்தில் ஆட்கள் காத்திருப்பதைப் பார்த்து அங்கே ஆள் அதிகம் என்று யாரும் சொல்வதில்லை. சாக்கடை அடைப்பு எடுக்கும் குழுவுக்கும் அதே நியாயம் உண்டு என்பது என் உறுதியான கருத்து.

சரி, அந்தக் குழு 98 சதவீதத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது? அதற்கான பதில் போன வருஷத்து பட்ஜெட் கூட்டத்தில் இருக்கிறது.

சிறிய நகர சபையின் பட்ஜெட் புத்தகம் தடிமனாக இருக்கும், ஆனால் உறுப்பினர்கள் உண்மையில் முடிவு செய்யக்கூடிய பகுதி மெலிசானது. சம்பளம், ஓய்வூதியம், கடன் தவணை, தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கும் தெரு விளக்குக்கும் மின் கட்டணம் ஆகியவை எல்லாம் கேள்வி கேட்காமல் முதலில் போய்விடும். மேலிருந்து வரும் மானியங்களில் பல, இன்ன வேலைக்கு மட்டும்தான் என்ற முத்திரையோடு வரும். ஆகவே பெரும்பாலான செலவுத் தலைப்புகள் போன வருஷத்துத் தொகையோடு கொஞ்சம் கூட்டி எழுதப்படுகின்றன. அமெரிக்க அரசியல் அறிஞர் ஆரோன் வில்டாவ்ஸ்கி 1960-களில் இதை விரிவாக எடுத்துக் காட்டினார். பட்ஜெட் போடுபவர்கள் எல்லாவற்றையும் புதிதாக எடைபோடுவதில்லை, போன வருஷத்தை அடித்தளமாக வைத்து ஓரங்களில் மட்டும் பேரம் பேசுகிறார்கள் என்றார் அவர்.

புதுக் கட்டடம் கட்டப் பணம் இருக்கிறது, குழி மூடப் பணம் இல்லையா என்று மக்கள் கோபமாகக் கேட்பார்கள். நியாயமான கோபம்தான். நகர சபையிடம் இருப்பது இரண்டு பைகள். நீண்ட நாள் நிற்கும் சொத்துகளுக்கு மூலதனப் பை, அன்றாடச் செலவுக்கு வருவாய்ப் பை. முதல் பையில் கடனும் மானியமும் விழும். பொதுவாக அதை எடுத்து இரண்டாவது பையில் போடக் கூடாது. அந்த விதி அர்த்தமில்லாமல் வந்ததல்ல. நியூயார்க் நகரம் அன்றாடச் செலவுகளைப் பல ஆண்டுகள் மூலதனக் கணக்கில் எழுதிக் கடன் வாங்கிச் சமாளித்தது. 1975-இல் திவாலாகும் விளிம்புக்கு வந்து நின்றது. ஆனால் விதியின் மறுபக்கமும் உண்டு. ஒரு பூங்காவைக் கட்டுவது முதல் பை, அதற்குத் தண்ணீர் ஊற்றி, விளக்கெரித்து, கூட்டிப் பெருக்குவது இரண்டாவது பை. திறப்பு விழாவுக்கு எல்லோரும் வருவார்கள். அடுத்த நாள் காலையில் ஏற்கெனவே இருக்கும் துப்புரவுப் பணியாளர்களின் வேலை சத்தமில்லாமல் கொஞ்சம் கூடியிருக்கும்.

இதற்கு அடியில் இன்னொரு விசை மெதுவாக இழுத்துக்கொண்டிருக்கிறது. வில்லியம் பௌமல் என்ற பொருளியலாளர் 1967-இல் நகரங்களின் நிதி நெருக்கடிக்கு ஒரு விளக்கம் சொன்னார். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒரு தொழிலாளி இரண்டு மடங்கு பொருள் செய்வார், அவர் சம்பளமும் உயரும். தெரு கூட்டுவதிலும், முதியவருக்கு அலுவலகத்தில் படிவம் நிரப்ப உதவுவதிலும் அந்த வேகம் கூடாது. ஆனாலும் ஆட்களைத் தக்கவைக்க அவர்களுக்கும் சம்பளம் உயர்த்தியாக வேண்டும். அதனால் மனித உழைப்பை நம்பியிருக்கும் சேவைகளின் செலவு மற்றவற்றைவிட வேகமாக ஏறிக்கொண்டே போகிறது. யாரும் திருடாமல், யாரும் வீணடிக்காமல் இருந்தாலும் இது நடக்கும்.

வரவும் செலவும் சரிக்கட்ட வேண்டும். என்ன செய்வார்கள்? இருக்கும் ஆளை வேலையைவிட்டு நீக்கினால் சண்டை வரும், வரியை உயர்த்தினால் இன்னும் பெரிய சண்டை வரும். ஓய்வு பெற்றவரின் இடத்தை நிரப்பாமல் விட்டால் ஒரு சத்தமும் வராது. பணியிடம் காகிதத்தில் அப்படியே இருக்கும், ஆள் மட்டும் இருக்க மாட்டார், சம்பளத் தொகை மிச்சம். அது சேமிப்பு என்று கணக்கில் ஏறும். அதற்கு ஈடாக நீண்டுபோன வரிசை எந்தக் கணக்கிலும் ஏறாது. மக்கள் இருட்டில் நடந்த 25 நாளுக்கு பட்ஜெட்டில் ஒரு தலைப்பே கிடையாது. இந்த மொத்த அமைப்பிலும் எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இதுதான்.

சிறிய நகரத்துக்கு இது கூடுதலாக வலிக்கும். அதற்கும் கணக்கு இருக்கிறது. தனித்தனி வரிசை வைத்திருக்கும் இரண்டு குழுக்கள் 90 சதவீதம் வேலையில் இருந்தால், முன்னே பார்த்தபடி ஒவ்வொன்றிலும் நாலரை நாள் காத்திருப்பு. அதே இரண்டு குழுவும் ஒரே பொது வரிசையிலிருந்து வேலை எடுத்தால் அது சுமார் இரண்டு நாளாகக் குறைந்துவிடும். ஆளும் கூடவில்லை, வேலையும் குறையவில்லை. ஒருவர் திணறும்போது இன்னொருவர் கைகொடுக்கிறார், அவ்வளவுதான். பெரிய நகரத்தில் பத்து எலக்ட்ரீஷியன்கள் ஒரு வரிசையைப் பகிர்ந்துகொள்ளலாம். சிறிய நகரத்தில் இருப்பதே ஒருவர். அவருக்குக் காய்ச்சல் வந்தால் வரிசை அப்படியே நின்றுவிடும். குழாய்க்காரரை மின்கம்பத்தில் ஏற்ற முடியாது. அதனால்தான் பல நாடுகளில் அக்கம்பக்கத்துச் சிறு நகரங்கள் ஒரே பொறியாளரையோ ஒரே கழிவுநீர் லாரியையோ பகிர்ந்துகொள்கின்றன.

ஆள் போனால் கூடவே போவது இன்னொன்றும் உண்டு. எந்தத் தெருவுக்கு எந்த வால்வு, அது எந்தப் பக்கம் திருகினால் மூடும், பழைய குழாய் வரைபடத்தில் காட்டிய இடத்தைவிட்டு எவ்வளவு தள்ளிப் போகிறது என்பதெல்லாம் பெரும்பாலும் ஒருவர் தலையில்தான் இருக்கும். அவர் ஓய்வு பெறுவதற்கு ஆறு மாதம் முன்பே ஓர் இளைஞரை அவரோடு அனுப்பினால் அது ஊருக்குச் சேர்த்த சொத்து. அந்த ஆறு மாதம் இரண்டு சம்பளம் என்று யாராவது ஆட்சேபித்தால் அந்த அறிவு அவரோடு வீட்டுக்குப் போய்விடும்.

இனி புகார் வந்து சேரும் பக்கம். நன்றாக நடக்கும் நகர சபையில் புகாரைப் பெற்றவுடன் செய்யும் முதல் வேலை அதைத் தரம் பிரிப்பது. அறுந்து தொங்கும் மின்கம்பி, மூடியில்லாத மேன்ஹோல் போன்றவை உயிர் போகும் விஷயம், அவை எந்த வரிசையிலும் நிற்கக் கூடாது. அடுத்து கழிவுநீர், குடிநீர். அப்புறம்தான் மற்றவை. ஒரே குழியைப் பற்றி ஏழு பேர் சொன்னால் அது ஒரு வேலை, ஏழு சாட்சி. இப்படிச் சேர்த்து எழுதாத இடத்தில், தாமதமே புது வேலையை உண்டாக்கும். பதில் வராதவர் மறுபடி அழைப்பார், மறுபடி பதிவாகும், மறுபடி ஒருவர் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த நெருக்கடியில் முதலில் பலியாவது மழைக்கு முன் வடிகால் தூர்வாருவது போன்ற, யாரும் புகார் கொடுக்காத தடுப்பு வேலை. அது நின்றால் அடுத்த மழைக்கு இன்னும் பல புகார்கள் வரும்.

புகார்களை வேகமாக முடிக்க வேண்டும் என்று இலக்கு வைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. ஓர் அளவை இலக்காக்கி அழுத்தம் கொடுத்தால் அது நம்பகத்தன்மையை இழக்கும் என்று பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் சொன்னார். புகார் 'முடிக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வருகிறது, தெருவோ இருட்டாகவே இருக்கிறது. அந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். முடித்து வைக்கும் பொத்தானை அழுத்தும் உரிமை புகார் கொடுத்தவரிடமும் இருந்தால் இதில் பாதி தீரும் என்று நினைக்கிறேன்.

அறிக்கையில் சொல்லும் வேகம் உண்மையா என்று குடிமக்களே சரிபார்க்க ஓர் அழகான வழி உண்டு. ஜான் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1961-இல் நிரூபித்த விதி அது: வரிசையில் நிற்பவற்றின் சராசரி எண்ணிக்கை, ஒரு நாளில் சராசரியாக வந்து சேருபவற்றை அவை இருக்கும் சராசரி நாட்களால் பெருக்கினால் கிடைப்பது. நிலைமை ஓரளவு சீராக இருந்தால் எந்த வரிசைக்கும் பொருந்தும். தினமும் 12 புகார் வருகிறது, தீராமல் நிற்பவை 360 என்றால், ஒரு புகார் சராசரியாக 30 நாள் நிற்கிறது. ஐந்தே நாளில் தீர்க்கிறோம் என்று அறிக்கை சொன்னால், மூன்று எண்ணில் ஏதோ ஒன்று தப்பு. பட்ஜெட் கூட்டத்தில் பொதுமக்கள் கேட்க வேண்டிய கேள்வி இதைவிடக் கூர்மையாக வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

புகார் ஒரு விதத்தில் ஊரின் உடம்பில் வைத்த வெப்பமானி. ஆனால் அந்த வெப்பமானி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. புகார் கொடுக்க நேரம் வேண்டும், போன் வேண்டும், யாராவது கேட்பார்கள் என்ற நம்பிக்கை வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2010-களின் தொடக்கத்தில் ஒரு செயலி கொண்டுவந்தது. காரில் வைத்த ஸ்மார்ட்போன், குலுங்கலைக் கொண்டு தானே குழிகளைக் கண்டுபிடித்துச் சொல்லும். புகார் கொடுக்கும் சிரமமே இல்லை. ஆனால் காரும் ஸ்மார்ட்போனும் குறைவாக இருக்கும் பகுதிகளின் குழிகள் அதில் பதிவாகாமல் போகும் என்ற கவலை உடனே எழுந்தது. புகார் எண்ணிக்கையை வைத்து மட்டும் பணம் ஒதுக்கினால், ஏற்கெனவே கவனிக்கப்படும் தெருக்களுக்கே மேலும் கவனம் போகும். நாலு தடவை கொடுத்துப் பார்த்து ஒன்றும் நடக்காத தெரு ஐந்தாவது தடவை கொடுக்காது. பதிவேட்டில் அது பிரச்சினை தீர்ந்த தெருவைப் போலவே தெரியும்.

அதனால் சில நகர சபைகள் ஒரு பழைய வேலையை விடாமல் செய்கின்றன. மாதம் ஒரு நாள், மாலை இருட்டியதும், ஓர் ஊழியர் புகாரே வராத தெருக்களில் நடந்து எரியாத விளக்குகளை எண்ணிக்கொண்டு வருகிறார். அந்த நடைக்கு ஆகும் இரண்டு மணி நேரம், 98 சதவீதம் வேலையில் இருக்கும் குழுவிடம் இருக்காது.